வர்க்கமற்ற ஒரு கிலோமீற்றர்

றொஸ்தேர்ன் தானியக் களஞ்சியம் கண்ணாடியில் சிறுத்தபோது
ஓடோமீற்றர் 510509 காட்டியது.
நவம்பர். இரவு இரண்டு மணி. பதினொன்றாம் நெடுஞ்சாலை.
பின்சீற்றில் பெல்ற் போட்டுக் குந்தியிருக்கிறது குளிர்ப்பெட்டி:
பிறின்ஸ் அல்பேர்ட்டில் எடுத்த இரத்தம்
விடியமுன் சஸ்கற்றூன் ஆய்வுகூடம் சேர வேண்டும்.

510509-இல் எனக்கு மரியாதை இல்லை.
அறுபத்தொன்றால் உடைந்துவிடும்.
அதைப் பிடிக்கப் போன கிழமை முழுக்கச் செலவானது.

நான் காத்திருந்தது அடுத்ததுக்கு.

இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு,
பதினொன்று, பதின்மூன்று, பதினேழு:
ஏழு பேரும் ஆளுக்கொரு தடவை வந்து பெருகினால்
ஐந்து இலட்சத்துப் பத்தாயிரத்து ஐந்நூற்றுப் பத்து.
எங்கட பாடப்புத்தகம் அவர்களை முதன்மை எண் என்றது.
வின்னிப்பெக்கில் என்னோடு அறையிலிருந்த திருச்சிக்காரி
பகா எண் என்றாள்,
வாடகையை மூன்றாகப் பிரிக்க முடியாமல்
சில்லறையைப் பார்த்துக்கொண்டிருந்த இரவில்.
அன்றிலிருந்து எனக்கும் பகா.

நூறில் ஓடினால் ஓர் எண்ணுக்கு
முப்பத்தாறு விநாடி ஆயுள்.
அறுபதுக்கு இறக்கினேன், ஒரு நிமிடம்.
இருபதுக்கு, மூன்று.
பிறகு ஓரங்கட்டி அபாய விளக்கைப் போட்டுவிட்டுப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருவரும் இரண்டாம் தடவை வராததால்
இதற்குள் வர்க்கம் கிடையாது.
வர்க்கமற்ற ஒன்றுக்காகக் கொழும்பில்
துண்டுப்பிரசுரம் அடித்து வேலையிழந்த மாமாவே,
இங்கே இருக்கிறது,
பச்சை வெளிச்சத்தில், வேகமுள்ளுக்குக் கீழே.

மீதியின்றி இதை வகுப்பவை நூற்றியிருபத்தெட்டு.
இதைத் தள்ளி மற்றவற்றைக் கூட்டினால்
பன்னிரண்டு இலட்சத்தைத் தாண்டும்.
மிகை எண் என்று இதற்குப் பட்டம்.
அடுத்தடுத்த 714-ம் 715-ம் பெருகினாலும் இதுதான்.
முன்னிரண்டைக் கூட்டிப் பின்னதைப் பெறும் வரிசையில்
13, 21, 34, 55 தோளோடு தோள் நின்றாலும் இதுதான்.
ஆனால் இலக்கங்களைக் கூட்டி வரும் பன்னிரண்டால்
வகுத்துப் பாருங்கள், ஆறு மிஞ்சும்.
எல்லாரோடும் ஒத்துப்போகிறவருக்கும்
சொந்த வீட்டில் ஒரு தகராறு.

முழுதும் என்னுடையதுமல்ல.
முதல் இரண்டு இலட்சத்துச் சொச்சம்
ஒஸ்லர் கோழிப்பண்ணைக்காரர் ஓடியது.
எங்கே போய் வந்தாரோ.

பின்னால் சிவப்பும் நீலமும்.
கோவல்ச்சுக் என்று சட்டையில் எழுதிய பொலிஸ்காரர்
என் லைசென்சை வாசிக்கத் தொடங்கி
பிறேமளோஜினியின் நடுவில் இறங்கிக்கொண்டார்.
காரில் என்ன பிழை?
பிழையில்லை, எண்.
ரோர்ச்சை உள்ளே நீட்டினார்.
ஐந்து பத்து, ஐந்து பத்து, என்றார்,
இரட்டைப் பிள்ளைகள் மாதிரி.
அது ஆயிரத்தொன்றின் வேலை. நான் சொல்லவில்லை.
தேவைக்கு மேலேயே குனிந்து நின்றார்,
மூச்சு கண்ணாடியில் படிந்து போனது.
பிறகு வெளிச்சம் பெட்டியின் லேபலுக்குத் திரும்பியது.
இரத்தம் காத்திருக்குமா?
காத்திராது.

510511.
ஏழு பேரில் யாரால் வகுத்தாலும் மீதி ஒன்று.
ஒன்பதாம் வகுப்பில் சுகிர்தாவோடு பந்தயம்:
இப்படிப் பெருக்கி ஒன்று கூட்டினால்
எப்போதும் பகா எண்தான் வரும்.
ஒரு ஐஸ்பழம்.
முப்பதுக்குப் பிறகு முப்பத்தொன்று,
இருநூற்றுப் பத்துக்குப் பிறகு இருநூற்றுப் பதினொன்று,
நான் சொன்னபடியே வந்தன.
அதற்கு மேல் போக மணி அடித்துவிட்டது.

ஹேக் விளக்குகள் வந்தபோது மீற்றரில் 510527.
நான் இன்னும் பதினாறு கிலோமீற்றர் பின்னால்,
பத்தொன்பதோடு நின்றேன்.
ஐம்பத்தொன்றில் இரண்டு தடவை, மீதி பதின்மூன்று.
நூற்றிமுப்பதில் ஆறு, மீதி பதினாறு.
நூற்றிஅறுபத்தைந்தில் எட்டு, மீதி பதின்மூன்று.
நூற்றிமுப்பத்தொன்றில் ஆறு, மீதி பதினேழு.
நூற்றிஎழுபத்தொன்றில் ஒன்பது.
மீதி

இல்லை.

ஒஸ்லர் பலகை கடக்கும்போது
மிச்சமிருந்த 26869-ம்
தொண்ணூற்றேழாகவும் இருநூற்றெழுபத்தேழாகவும் விட்டுப்போனது.
சுகிர்தா, நீ எந்த நாட்டில் இருக்கிறாய்?